ஹாம் வெந்த ஞாயிற்றுக்கிழமை

என் மாமனார் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற வாரம், தாம்பரம் ரயில்வே காலனியில் இருந்த எங்கள் வீட்டுக்கு ஈரத் துணியில் சுற்றிய ஒரு பன்றித் தொடை வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் அவருடைய பழைய சிநேகிதர், ரிட்டயர் ஆன என்ஜின் டிரைவர். மூன்று வாரம் பீங்கான் ஜாடியில் உப்பும் வெடியுப்பும் வெல்லமும் போட்டுத் தன் கையாலேயே பதப்படுத்தியது என்று சொல்லி, பிறந்த குழந்தையைக் கொடுப்பதுபோல் இரண்டு கையிலும் ஏந்திக் கொடுத்தார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் விருந்து. அதை நான் சமைக்க வேண்டும்.

எண்பதுகளின் பிற்பாதி அது. எனக்குக் கல்யாணம் ஆகி எட்டு மாதம். நான் கோவளத்து மீனவர் வீட்டுப் பெண். அப்பா கடலோடு போன பிறகு, அம்மா தலையில் கூடையை வைத்து மீன் விற்றுத்தான் என்னைப் படிக்க வைத்தாள். நான் படித்து, தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர் வேலைக்குச் சேர்ந்து, கூட வேலை பார்த்த ஓர் ஆங்கிலோ இந்தியரைக் கட்டிக்கொண்டேன். எனக்கு அந்த வேலை ரொம்பப் பிடித்திருந்தது. டெலிபோனில் குரல் மட்டும்தான் போகும், வாசனை போகாது.

புகுந்த வீட்டில் அம்மாவைப் பற்றிக் கேட்டபோது, "கோவளத்துல பிசினஸ் பண்றாங்க" என்று சொல்லி வைத்திருந்தேன். ரிஜிஸ்தர் ஆபீசில் நடந்த எங்கள் கல்யாணத்துக்கு அம்மா ஒரே ஒரு பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு வந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போயிருந்தாள். பேசினால் என் மானம் போய்விடும் என்று அவளுக்கே தெரிந்திருந்தது. மாமியாரும் மாமனாரும் கோவளத்தில் ஏதோ பெரிய கடை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். நான் அதைத் திருத்தவில்லை. என் கணவருக்கு மட்டும் உண்மை தெரியும்.

விருந்துக்கு என் அம்மாவும் வர வேண்டும் என்று மாமனார் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். "சம்பந்தி இல்லாம என்ன பார்ட்டி மேன்?" என்றார். அவர் ஆண், பெண், பால்காரர், பூனை எல்லோரையும் 'மேன்' என்றுதான் கூப்பிடுவார். நான் கோவளத்துக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். விருந்து ஒரு மணிக்கு. அவளிடம் நாலு மணிக்கு வரச் சொன்னேன். அதற்குள் விருந்தாளிகள் கலைந்துவிடுவார்கள். மாமனாரிடம், அம்மாவுக்கு வேலை இருக்கிறது, சாயங்காலம் டீக்கு வருவாள் என்று சொன்னேன். கணவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உன் இஷ்டம்" என்று மட்டும் சொன்னார். அவர் சண்டை போட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

இப்போது அந்தத் தொடைக்கு வருகிறேன். இப்படிப் பதப்படுத்திய தொடையை அவர்கள் ஹாம் என்பார்கள்; மாமியார்தான் எப்போதும் அதைச் சமைப்பார். ஆனால் முந்தின வாரம் குளியலறையில் வழுக்கி விழுந்து, வலது கை மாவுக்கட்டில் இருந்தது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு பாதி நேரம் தூங்கினார். விழித்திருந்த நேரத்தில், வெல்லப்பாகு எப்படிக் காய்ச்சுவது, கிராம்பை எப்படி வரிசையாகக் குத்துவது, பாகை எந்தப் பதத்தில் மேலே ஊற்றுவது என்று மூன்று தடவை சொன்னார். அலங்காரம் முழுக்கச் சொன்னவர், அடிப்படையைச் சொல்லவில்லை. "வேகவைக்கிறதுக்கு முன்னாடி பண்றதெல்லாம் உனக்குத் தெரியும்தானே, சைல்ட்?" என்றார். அவர்கள் வீட்டில் அது மூச்சு விடுவதுபோல எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

"தெரியும் மம்மி" என்றேன்.

எனக்கு எதையும் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. மேலும், கடற்கரைக்காரிக்குக் கறி சமைக்கச் சொல்லித் தர வேண்டுமா என்ற திமிர் வேறு. எங்கள் வீட்டில் பச்சையாக எது வந்தாலும் முதல் வேலை, கல்லுப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து வைப்பது. மீனானாலும் கோழியானாலும் அதுதான் மரியாதை. சனிக்கிழமை சாயங்காலம், எல்லோரும் முன்னறையில் பேசிக்கொண்டிருந்தபோது, நான் அந்தத் தொடையைக் கழுவி, இரண்டு கை நிறையக் கல்லுப்பு அள்ளிப்போட்டு, மஞ்சள் தூவி, மூலை முடுக்கெல்லாம் நன்றாகத் தேய்த்து, மூடி வைத்தேன். மூன்று வாரம் உப்பிலேயே கிடந்ததை இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டு, இரண்டு மூன்று தடவை தண்ணீரை மாற்றி, உப்பை வெளியே எடுக்க வேண்டும். நான் உள்ளே ஏற்றிக்கொண்டிருந்தேன். அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

காலையில் அடுப்பில் ஏற்றினேன். எட்டு மணிக்கு எல்லோரும் மாதா கோயிலுக்குக் கிளம்பினார்கள்; பூசைக்குப் பிறகு அங்கேயே மாமனாருக்கு ஒரு பாராட்டுக் கூட்டம் இருந்தது. மாமியாரும் கையைத் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு போனார். எட்டரைக்கு ஒரு கரண்டி தண்ணீரை எடுத்து ஊதி வாயில் வைத்தேன். கடல் தண்ணீர் தோற்றது. ஓரத்தில் ஒரு துணுக்கைக் கிள்ளித் தின்று பார்த்தேன். நாக்கு மரத்துப்போனது. போதாக்குறைக்குத் தொடை முழுக்கக் காமாலை கண்டதுபோல் மஞ்சள் மஞ்சளாக நின்றது.

இருபது பேர் சாப்பிட வருகிறார்கள். அந்தக் காலனியில் அவ்வளவு மரியாதை பெற்ற மாமனாரின் ஓய்வு விருந்தை நான் பாழாக்கிவிட்டேன். இனி இந்த அடுப்படிக்குள் என்னை விடுவார்களா? அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். அப்போது பின்கதவுப் பக்கம் குரல் கேட்டது.

"எம்மா... உள்ள யாராச்சும் கீறீங்களா?"

என் அம்மா. நாலு மணிக்கு வரச் சொன்னவள் ஒன்பது மணிக்கே வந்து நிற்கிறாள். தலையில் கூடை. உள்ளே இறாலும் நண்டும். விடிகாலையில் கரைக்கு வந்த படகிலிருந்து எடுத்ததை வெயில் ஏறுவதற்குள் சம்பந்தி வீட்டில் சேர்க்க வேண்டும் என்று, முதல் பஸ் பிடித்து, கேளம்பாக்கத்தில் மாறி வந்திருக்கிறாள். முன்வாசலில் நிற்காமல் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்திருக்கிறாள். அவளைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது கோபம். நாலு மணி என்று எத்தனை தடவை சொன்னேன் என்ற கோபம். அது ஒரு நொடிதான். அடுத்த நொடி எழுந்து ஓடி அவள் தோளில் முகத்தை வைத்து அழுதேன்.

"இன்னாடி, இன்னா ஆச்சு? வூட்ல யாருக்கும் ஒண்ணுமில்லியே?"

அண்டாவைக் காட்டினேன். எட்டிப் பார்த்தாள்.

"இன்னாது இது?"

"பன்றித் தொடைம்மா. ஏற்கெனவே உப்புல ஊறினது. நான் வேற உப்பு போட்டுட்டேன்."

அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்தாள். எங்கள் வீட்டில் பன்றி தொட மாட்டார்கள். குப்பத்தில் அவை மேய்கிற இடத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் பேரைக் கேட்டாலே குமட்டும். எனக்கும் ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது. அவள் அண்டாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"கருவாட்டுல உப்பு ஏறிப்போனா இன்னா பண்ணுவோம்? இதுவும் அதே கததான். இது கொஞ்சம் பெரிய கருவாடு. அழுவாத, நவுரு. அரிசி கழுவுன தண்ணி கீதா?"

அரிசி கழுவிய தண்ணீர் ஒரு குண்டான் நிறைய இருந்தது. அம்மா அந்தத் தொடையை வெறுங்கையால் தூக்கி, அந்தத் தண்ணீரில் போட்டு, தேங்காய் நாரால் மஞ்சள் போகும்வரை தேய்த்தாள். பிறகு அருவாமனையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "முழுசா கெடந்தா எலும்புகிட்ட கீற உப்பு எப்படிடி வெளிய வரும்?" என்று கேட்டுக்கொண்டே எலும்பை ஒட்டி மூன்று பாகமாகப் பிரித்தாள். வஞ்சிரத்தில் முள்ளெடுக்கிற கை அது. அரைகுறையாக வெந்த கறி ஒரு நார்கூடச் சிதையாமல் பிரிந்து வந்தது.

பிறகு புதுத் தண்ணீர். அதில் தோல் சீவிய உருளைக்கிழங்கு இரண்டு கிலோ. ஒரு கொதி வந்ததும் தண்ணீரைக் கொட்டினாள். மறுபடி புதுத் தண்ணீர், மறுபடி ஒரு கொதி. மூன்றாவது தண்ணீரில் சின்னத் தீயில் வேகவிட்டாள். ஒவ்வொரு தடவையும் ஒரு துணுக்கைக் கிள்ளி என் பக்கம் நீட்டினாள். அவள் வாயில் வைக்கவில்லை.

"நீ சொல்லு. உப்பு எறங்கிச்சா?"

"இன்னும் இருக்கும்மா."

"எறங்கும். கடல்லயே போட்டு எடுத்தாலும் எறங்கும்."

பதினொன்றே காலுக்கு நான் சரி என்றேன். உருளைக்கிழங்கைத் தனியாக எடுத்து மசித்தோம். அதற்கு உப்பே போட வேண்டியிருக்கவில்லை. ஆனால் தொடை மூன்று துண்டாகக் கிடந்தது. முழுத் தொடையை மேசையில் வைத்து அறுப்பதுதான் விருந்தே என்று நான் மறுபடி மூக்கை உறிஞ்ச ஆரம்பித்தேன். அம்மா என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, கூடைக்குள் கையை விட்டு, நண்டுக் கொடுக்கைக் கட்டுவதற்கு வைத்திருந்த பருத்தி நூல்கண்டை எடுத்தாள். மூன்று துண்டையும் எலும்போடு சேர்த்துப் பழையபடி பொருத்தி, சுற்றிச் சுற்றிக் கட்டினாள். மீன்வலையில் போலவே கண்ணுக்குக் கண் சமமான இடைவெளி. நான் பாகு காய்ச்சி ஊற்றி, கட்டுக்கு நடுவே கிராம்பு குத்தினேன். வெட்டியதே தெரியவில்லை.

அம்மா கையை சோப்புப் போட்டுக் கழுவினாள். பிறகு புளி கேட்டு வாங்கி மறுபடி கழுவினாள். கடைசியில் எலுமிச்சைத் தோலைத் தேய்த்துக் கழுவி, முகர்ந்து பார்த்தாள். இறாலையும் நண்டையும் எங்கள் பாத்திரத்தில் மாற்றிவிட்டுக் கூடையைத் தூக்கினாள்.

"நா போய்ட்டு நாலு மணிக்கு வரேன்."

"எங்கம்மா போவ?"

"பஸ் ஸ்டாண்டுல குந்திகினு இருப்பேன். அங்க நல்லா காத்து வருது."

அவள் குரலில் வருத்தம் எதுவும் இல்லை. நாலு மணி என்று எதற்குச் சொன்னேன் என்று அவள் நான் சொன்ன அன்றைக்கே புரிந்துகொண்டிருந்தாள். அதில் தப்பு எதுவும் இருப்பதாகவும் நினைக்கவில்லை. அப்போது நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மூன்று மணி நேரம் என் அடுப்பில் வெந்தவளிடம், 'இரும்மா' என்று ஒரே ஒரு வார்த்தை.

"சரிம்மா" என்றேன்.

பன்னிரண்டரைக்கு எல்லோரும் திரும்பி வந்தார்கள். மாமியார் நேராக அடுப்படிக்குள் வந்து ஹாமைப் பார்த்து முகம் மலர்ந்தார். பிறகு மூக்கைச் சுருக்கினார். "இறால் எங்கேருந்து வந்தது, சைல்ட்?"

"மீன்காரம்மா ஒருத்தங்க வந்தாங்க மம்மி."

பொய்கூட இல்லை. அதுதான் கொடுமை. இத்தனை வருடம் கழித்து இதை எழுதும்போதும் அந்த 'ஒருத்தங்க' என்ற வார்த்தையில் பேனா நின்றுவிடுகிறது.

ஒரு மணிக்கு மேசையைச் சுற்றி ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். மேசையில் இடம் போதாமல் பலர் சுவரோரம் நின்றார்கள். மாமனார் கோட்டும் டையுமாக எழுந்து நின்று, ஜெபம் சொல்லிவிட்டு, கத்தியை எடுத்தார். எடுத்தவர் அப்படியே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். முதல் கட்டை அவிழ்க்கப் பார்த்தார். வரவில்லை. மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"முப்பத்தஞ்சு வருஷம் பார்சல் கட்டு பாத்தவன் நான். இந்த முடிச்சு பாத்ததே இல்ல மேன். பார், இழுத்தா இறுகுது, விட்டா நழுவ மாட்டேங்குது" என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குக் காட்டினார். கடைசியில் நூலை வெட்டித்தான் எடுத்தார். கறி கத்தி படும் முன்னே மூன்றாகப் பிரிந்தது. யாரோ கைதட்டினார்கள்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஹாமின் முதல் துண்டு, சமைத்தவருக்கு. அவர் உட்கார வேண்டும், அறுத்தவர் பக்கத்தில் நின்று பரிமாற வேண்டும். அவர் ஒரு வாய் சாப்பிட்ட பிறகுதான் மற்றவர்கள் தட்டைத் தொடுவார்கள். ஒரு நாற்காலியைக் காலி செய்து என்னை உட்காரச் சொன்னார்கள். மாமனார் ஒரு துண்டைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். அறையே என்னைப் பார்த்தது.

"சாப்பிடு மேன். அப்புறம் அந்த முடிச்ச எனக்குச் சொல்லிக் கொடுக்கணும்."

நான் ஃபோர்க்கைக் கையில் எடுத்தேன். எடுத்து ஒரு வாய் தின்றிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். ஒருவருக்கும் தெரிந்திருக்காது. கணவர் எதிர்ச் சுவரோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கை மேலே வரவே மாட்டேன் என்றது.

"நான் சமைக்கல டாடி. நான் உப்பு போட்டுக் கெடுத்துட்டேன். எங்க அம்மாதான் வந்து சரிபண்ணாங்க. முடிச்சும் அவங்க போட்டதுதான்."

"அம்மாவா? எங்க அவங்க?"

"பஸ் ஸ்டாண்டுல."

"அங்க என்ன பண்றாங்க?"

"உக்காந்திருக்காங்க. நான்தான் நாலு மணிக்கு வரச் சொன்னேன்." மாமியார் பக்கம் திரும்பினேன். "மம்மி, நான் சொன்ன மீன்காரம்மா... அது எங்க அம்மாதான். அவங்க கூடையில மீன் விக்கிறவங்க. கடையெல்லாம் கிடையாது."

மாமியார் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது. எதற்கான கோபம் என்று அடுத்த வார்த்தையில் தெரிந்தது.

"பெத்த அம்மாவை வெயில்ல உக்கார வெச்சுட்டு இங்க நாற்காலியில உக்காந்திருக்கியா? எழுந்திரு. போய்க் கூட்டிட்டு வா." இடது கையால் அந்தத் தட்டின் மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடினார். "இது மூணு வாரம் ஜாடியில காத்திருந்தது. இன்னும் அரை மணி நேரம் காத்திருக்கும்."

ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஏறி இறங்கி, செருப்பு தடதடக்க ஓடினேன். பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பர் அறைக்குப் பக்கத்துச் சுவரோரம், கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தாள். பட்டாணி வாங்கித் தின்றுகொண்டிருந்தாள். நான் ஓடிவருவதைப் பார்த்ததும் பதறி எழுந்தாள்.

"இன்னாடி, மறுபடியும் உப்பு ஜாஸ்தியா பூட்ச்சா?"

"இல்லம்மா. உப்பு எல்லாம் சரியா இருக்கு. வா, வூட்டுக்குப் போலாம். எல்லாரும் உனக்காகச் சாப்பிடாம உக்காந்திருக்காங்க."

"எனக்காவா? இன்னாத்துக்கு?" அவள் நம்பவில்லை. புடவையைப் பார்த்துக்கொண்டாள். முந்தானையை மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டாள். "ஏண்டி, எம்மேல கவுச்சி அடிக்கிது இல்ல?"

"அடிக்குதும்மா. பரவால்ல, வா."

எட்டு மாதத்தில் நான் அவளிடம் சொன்ன முதல் நேர்மையான வார்த்தை அது. அம்மா என்னை ஒரு கணம் பார்த்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தாள். கூடையை நான் எடுக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டாள். உனக்குத் தூக்கத் தெரியாது, ஆடிக்கொண்டு வருவாய் என்று திட்டிக்கொண்டே தானே தலையில் வைத்துக்கொண்டாள். காலனியின் பிரதான வாசல் வழியாக, ஞாயிற்றுக்கிழமை மதியத்தில், அவளும் நானும் பேசிக்கொண்டே நடந்தோம்.

மாமனார் கேட்டில் நின்றிருந்தார். அம்மாவின் கூடையைத் தானே இறக்கி வைத்து, உள்ளே அழைத்துப்போய் அந்த நாற்காலியில் உட்கார வைத்தார். அம்மா நுனியில் உட்கார்ந்தாள். மாமியார் மூடிய தட்டைத் திறந்தார். மாமனார் அதை எடுத்து, பக்கத்தில் நின்று, கொஞ்சம் குனிந்து அவள் முன்னால் வைத்தார். மசித்த கிழங்கையும் ஒரு கரண்டி வைத்தார். வழக்கத்தைக் கணவர் அவள் காதில் சொன்னார். அம்மா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பன்றி தின்ன மாட்டாள் என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் கையாலேயே ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டு, மென்று, முழுங்கிவிட்டாள்.

"நல்லா கீதுங்க" என்றாள். அறை முழுக்க ஒரே ஆரவாரம்.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் எத்தனையோ விருந்து நடந்தது. மாமியாரும் மாமனாரும் இப்போது இல்லை, அம்மாவும் இல்லை. மூவருக்கும் நான் கடமைப்பட்டிருப்பதைச் சொல்ல உட்கார்ந்தால் இந்த ஒரு நாள்தான் முன்னால் வந்து நிற்கிறது. அன்று நான் எதையும் சரியாகச் செய்யவில்லை. மற்றவர்கள் செய்தார்கள்.

சாயங்காலம் அம்மாவை பஸ் ஏற்றப் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்தவளிடம், பிடிக்காததை எதற்கம்மா தின்றாய், வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"அது இன்னா ருசின்னே எனக்குத் தெரிலடி" என்றாள். பிறகு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள். "நா குந்திகினு இருக்க, ஒரு ஆம்பள நின்னுகினு எனக்குச் சோறு வெச்சது இன்னிக்கித்தான். வேணாம்னு எப்படிச் சொல்லுவேன்?"

கண்டக்டர் விசில் ஊதினார். நான் கீழே நின்றபடி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பஸ் நகரும்வரை விடவில்லை.